படர்தாமரைக்கு எந்த வழி? மெடிக்கல் டியூப், பச்சிலை, மாத்திரை, தோல் மருத்துவர்

தொடை இடுக்கில் அரிப்பு தொடங்கி மூன்று நாள் ஆனதும் பெரும்பாலானோர் தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்கிறார்கள். அந்தப் படர்தாமரை ஒரு மாதத்தில் போகுமா, ஒரு வருடம் இழுக்குமா என்பது கடைக்காரர் எடுத்து நீட்டும் டியூபில் என்ன மருந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டாக்டரிடம் போவதா வேண்டாமா என்ற கேள்வி அப்புறம்தான். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எந்தப் பூஞ்சைக் களிம்பைத் தடவினாலும் இரண்டு வாரத்தில் மறைந்த நோய், இன்று குடும்பம் குடும்பமாக மாதக்கணக்கில் நீடிக்கிறது. அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்த்து முடிவெடுப்பது அவசியம்.

முதலில், அது படர்தாமரைதானா?

படர்தாமரையை ஊருக்கு ஊர் படை என்றும் வண்டுகடி என்றும் சொல்வார்கள். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. வட்டமாகவோ வளைந்த கோடாகவோ படரும். ஓரம் சற்று மேடாக, சிவந்து, செதில் உதிர்ந்து இருக்கும். நடுப்பகுதி ஆறியதுபோல் தெரியும். வியர்த்தால் அரிப்பு கூடும். தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுக்கும் இடம், பிட்டம், அக்குள், மார்பகத்தின் கீழ்மடிப்பு ஆகியவை அது விரும்பும் இடங்கள்.

மார்பிலும் முதுகிலும் வெளிறிய புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சுரண்டினால் தவிடு போல உதிர்ந்தால் அது தேமல். அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு வகை. பூஞ்சை செத்த பிறகும் வெளிறல் சில மாதம் இருக்கும் என்பதால், நிறம் திரும்பவில்லை என்று மருந்தை நீட்டிக்கொண்டே போக வேண்டாம். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பொரிப்பொரியாக வந்து, இரவில் தூங்கவிடாமல் அரித்து, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக இருந்தால் அது சொறிசிரங்கு. அதற்கு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை ஓரிடம் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அறிகுறி இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவிக்கொள்ள வேண்டும். பூஞ்சைக் களிம்புக்கு அங்கே வேலையே இல்லை.

தவறவிடக் கூடாத வித்தியாசம் ஒன்று இருக்கிறது. வெளிறிய அல்லது செம்மை படர்ந்த திட்டு, அரிப்பே இல்லை, பஞ்சு நுனியால் தொட்டால் தொட்டது தெரியவில்லை என்றால், எந்தக் களிம்பும் வாங்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டிய திட்டு அது. சிகிச்சை முழுவதும் இலவசம்; வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். சீக்கிரம் தொடங்கினால் கை கால் நரம்புகளைக் காப்பாற்றலாம்.

கலவை டியூப்: மூன்று நாள் நிம்மதி

மெடிக்கலில் அரிப்பு என்று கேட்டால் பல இடங்களில் கிடைப்பது கலவைக் களிம்பு. அதில் ஒரு பூஞ்சை மருந்து, ஒன்றிரண்டு பாக்டீரியா மருந்துகள், அவற்றோடு ஒரு ஸ்டீராய்டு இருக்கும். பல டியூப்களில் அந்த ஸ்டீராய்டு க்ளோபெட்டசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது.

தடவிய இரண்டு மூன்று நாளில் சிவப்பு இறங்கும், அரிப்பு நிற்கும். அதனால்தான் இந்த டியூபுக்கு இத்தனை நல்ல பெயர். நடப்பது என்னவென்றால், சிவப்பும் அரிப்பும் நம் உடல் பூஞ்சையோடு சண்டை போடுவதன் அடையாளம்; ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. எதிர்ப்பு ஓய்ந்த தோலில் பூஞ்சை சத்தமில்லாமல் விரிகிறது, ரோமக்கால்கள் வழியே ஆழத்துக்கும் இறங்குகிறது. களிம்பை நிறுத்திய சில நாளில் முன்பைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பி வருகிறது. மறுபடி அதே டியூப். இந்தச் சுழலில் ஓரத்து மேடு மங்கி, வட்டத்துக்குள் வட்டமாக உருவம் மாறிவிடுவதால், பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது.

பக்கவிளைவும் லேசானதல்ல. தொடை இடுக்கின் தோல் மெல்லியது. மடிப்புக்குள் மூடிக்கிடப்பதால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். சில வாரங்களிலேயே தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழலாம். அந்தக் கோடுகள் காலப்போக்கில் மங்கினாலும் முழுவதும் போகா. முகத்தில் தடவினால் பரு, சிவப்பு, முடி வளர்ச்சி. குழந்தைகளுக்கு இன்னும் மோசம். கூடவே கலந்திருக்கும் பாக்டீரியா மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

2018-இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் பட்டியலில் சேர்த்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்காகப் பல ஆண்டுகள் போராடியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கும் நிலை மாறவில்லை. ஆகவே காவல் உங்கள் கையில்தான்: டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் இவற்றில் எது இருந்தாலும் படர்தாமரைக்கு அந்த டியூப் வேண்டாம். இங்கே கண் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. க்ளோபெட்டசாலும் க்ளோட்ரிமசோலும் பெயரில் உடன்பிறப்புகள் போலத் தெரியும். முன்னது ஸ்டீராய்டு, பின்னது பூஞ்சை மருந்து. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே காசு கொடுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் வேலை சுலபம்.

இந்த வழியைத் தள்ளிவிடுங்கள் என்பதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது. இரவில் ஒரு செட்ரிசின் அல்லது லெவோசெட்ரிசின் மாத்திரை, ஈரத்துணி ஒத்தடம், பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்துவது. மாத்திரை தூக்கம் வரவைக்கும். போட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது.

ஒரே மருந்துள்ள பூஞ்சைக் களிம்பு

திட்டு ஒன்றிரண்டு மட்டும், உள்ளங்கை அளவுக்குள், வந்து சில வாரமே ஆகிறது, இதுவரை ஸ்டீராய்டு படவில்லை, உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்றால் இந்த வழியில் தொடங்கலாம். க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், கீட்டோகோனசோல் 2 சதவீதம், டெர்பினாஃபின் 1 சதவீதம், லூலிகோனசோல் 1 சதவீதம் என்று பல உண்டு. லூலிகோனசோல் ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். க்ளோட்ரிமசோல் இரண்டு முறை தடவ வேண்டும், விலையும் குறைவு. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற பொதுப்பெயர் மருந்துக்கடை பக்கத்தில் இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள்.

இந்த வழி தோற்பதற்குப் பெரும்பாலும் அளவும் நாட்களுமே காரணம். வளர்ந்தவரின் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பிலிருந்து நுனி வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். இரு தொடை இடுக்கிலும் திட்டு, அதைச் சுற்றிய ஓரம் எல்லாம் சேர்த்து நான்கு உள்ளங்கை அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 1 கிராம். தினம் இருமுறை என்றால் 2 கிராம். 15 கிராம் டியூப் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், 4 வாரத்துக்கு நான்கு டியூப் வேண்டும். தினம் ஒருமுறை தடவும் மருந்தானால் இரண்டு. ஒரே டியூபை ஒரு மாதம் இழுத்தவருக்கு மருந்து கேட்கவில்லை என்று சொல்ல முடியாது; மருந்து போய்ச் சேரவே இல்லை.

தடவும் முறை இப்படி. குளித்து, தனித் துண்டால் ஒற்றி, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். திட்டின் வெளி ஓரத்துக்கு அப்பால் இரண்டு விரற்கடை தூரத்தில் தொடங்கி உள்நோக்கித் தடவுங்கள். பூஞ்சை உயிரோடு முன்னேறுவது ஓரத்தில்தான். நடுவில் மட்டும் அப்பினால் வட்டம் வெளியே நகர்ந்துகொண்டே போகும். தடவியதும் கையைச் சோப்பால் கழுவுங்கள். அரிப்பு நின்ற அன்றோடு நிறுத்தாமல், தோல் முழுக்கத் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். டியூபோடு வரும் தாளில் இரண்டு வாரம் என்றிருந்தாலும், இப்போது நம்மிடையே பரவும் பூஞ்சைக்கு 4 வாரத்துக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் ஓரம் துளியும் அடங்கவில்லை, புதுத் திட்டு வருகிறது என்றால் டியூபை மாற்றிப் பார்க்காமல் மருத்துவரைப் பார்க்கப் போங்கள்.

பச்சிலை

சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவது நம்மிடம் பழைய வழக்கம். வண்டுகொல்லி என்று அதற்குப் பெயர் வந்ததே இதனால்தான். அதன் சாறு ஆய்வகத்தில் பூஞ்சையைத் தடுப்பது உண்மை. ஆனால் இலைக்கு இலை வீரியம் மாறும். தோலின் மேல்பரப்பைத் தாண்டி எவ்வளவு போகிறது என்பதற்கு அளவு இல்லை. ஒரே ஒரு சிறு திட்டு, தோல் உடையவில்லை, எரிச்சல் இல்லை என்றால் பூசுவதில் பெரிய கெடுதல் இல்லை. அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் கொடுக்க வேண்டாம். பூண்டு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை, நீர் கலக்காத கிருமிநாசினித் திரவம் இவற்றைத் தொடை இடுக்கில் வைத்தால் தோல் வெந்துபோகும். வெந்த தோலில் பாக்டீரியா புகுந்தால் ஒரு நோய் இரண்டாகும். சாலிசிலிக் அமிலமும் பென்சோயிக் அமிலமும் கலந்த பழைய படைக் களிம்பும் மடிப்புகளில் கடுமையாக எரியும். தடித்த பாதத் தோலுக்குத்தான் அது ஏற்றது.

மாத்திரை எப்போது, எது?

திட்டுகள் பல இடத்தில் இருக்கின்றன, உள்ளங்கை அளவைத் தாண்டிவிட்டன, ஒருமுறை போய்த் திரும்பி வந்தது, ஸ்டீராய்டு ஏற்கெனவே பட்டுவிட்டது, நகத்திலோ தலையிலோ வந்திருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் களிம்பு மட்டும் போதாது. தலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தையின் தலையில் முடி கொட்டிய வட்டம், அதில் செதிலும் ஒடிந்த முடித்துண்டுகளும் இருந்தால் அது பூஞ்சை. ரோமக்காலுக்குள் இருப்பதால் மேலே தடவும் எதுவும் எட்டாது. புழுவெட்டு என்று நினைத்து வெங்காயம் தேய்த்து நாளைக் கடத்துவது உண்டு. புழுவெட்டில் தோல் வழவழப்பாக இருக்கும், செதில் இருக்காது.

மாத்திரைகளில் டெர்பினாஃபின் ஒரு காலத்தில் முதல் தேர்வு. இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்தியாவில் பரவியிருக்கும் பூஞ்சையை 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடம் கிடைத்த மாதிரிகளை வைத்து, டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனி இனமாகப் பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் எந்த நொதியைத் தாக்குகிறதோ அதன் மரபணு இந்தப் பூஞ்சையின் பல வகைகளில் மாறிவிட்டது. மருந்து வந்து பொருந்த வேண்டிய இடமே உருமாறியிருக்கிறது. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இதே பூஞ்சை இருந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடு போனவரே அல்ல.

இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து வேறொரு இடத்தில் தாக்குகிறது. அதனால் இன்று மருத்துவர்கள் பலர் அதற்குப் போகிறார்கள். வழக்கமாகப் பல வாரங்கள் எடுக்க வேண்டியிருக்கும். சாதாரண கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றிலோ, ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையோடோ போட்டால் உடலில் சரியாகச் சேராது. "மருந்து கேட்கல" என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நன்றாக உறிஞ்சப்படும் புதுவகையும் கடைகளில் உண்டு. அதில் மில்லிகிராம் குறைவாகப் போட்டிருப்பார்கள். 100 கிடைக்கவில்லை என்று 65-ஐயோ, இரண்டு 50-ஐயோ நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம், கணக்கு வேறு.

இதை மெடிக்கலில் கேட்டு வாங்கக் கூடாத காரணமும் இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆபத்து. கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாடின் போன்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் தசை சிதையலாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்துகளோடும் மோதும். கல்லீரல் நோய் இருந்தால் டெர்பினாஃபினும் சரிப்படாது. கர்ப்பிணிகள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பொதுவாகக் களிம்போடு நிறுத்துவார்கள். வாரம் ஒன்று என்று கடையில் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை, இன்றைய படர்தாமரைக்குப் பலவீனமான தேர்வு. நான்கு வாரம் போட்டுவிட்டு ஏமாந்து நிற்பவர்கள் ஏராளம்.

யாரிடம் போவது?

பக்கத்துக் கிளினிக் பொது மருத்துவர், சிறிய தொற்றுக்கு நல்ல தேர்வுதான். அங்கே ஒன்று மட்டும் கேளுங்கள்: "டாக்டர், இதுல ஸ்டீராய்டு இருக்கா?" அரிப்புக்கு ஊசி போடுகிறேன் என்றாலும் அதே கேள்வி. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி, கலவை டியூப் செய்யும் வேலையை உடல் முழுக்கச் செய்யும்.

மறுபடி மறுபடி வருவது, பரவலானது, முகத்தில் இருப்பது என்றால் தோல் மருத்துவரே சரி. தனியார் கட்டணம் சுமை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. மருந்தும் இலவசம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும், ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். அன்றைய கூலி போகும் என்பது உண்மையான செலவுதான். ஆனால் பத்து கலவை டியூப் வாங்கி, ஒரு வருடம் அரித்து, கடைசியில் அதே வரிசையில் போய் நிற்பதோடு ஒப்பிட்டால் இது குறைவு.

அங்கே கிடைக்கும் இன்னொரு லாபம் செதில் சோதனை. திட்டின் ஓரத்தைச் சுரண்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்நோக்கியில் பார்ப்பார்கள். பெரும்பாலும் அன்றே விடை தெரிந்துவிடும். போகிற அன்று எதையும் தடவாமல் போங்கள். இதுவரை பூசிய டியூப்களையும், தினம் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு போட்டதை மறைக்க வேண்டாம். அதைச் சொன்னால்தான் சிகிச்சை சரியாக அமையும். சர்க்கரை பரிசோதித்து ஓராண்டு ஆகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

தோல் சூடாகி, வீங்கி, வலித்து, சிவப்பு மணிக்கு மணி பரவினால், சீழோ காய்ச்சலோ சேர்ந்தால் மேலே சொன்ன எந்த ஒப்பீடும் பொருந்தாது. அது பாக்டீரியா தோலுக்கடியில் இறங்கிய நிலை. அன்றே மருத்துவமனை. சேற்றுப்புண் வெடிப்பு வழியாக இப்படித் தொடங்குவது உண்டு, சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் ஒரு நாள் தாமதமும் காலைப் பாதிக்கும்.

எந்த வழியானாலும்

அரைஞாண் கயிற்றை முதலில் கழற்றுங்கள். எப்போதும் ஈரம் காயாத அந்த நூலில் பூஞ்சை தங்கி, ஆறிய இடுப்பில் மறுபடி ஏறுகிறது. கழற்ற மனம் வரவில்லை என்றால் வெள்ளியில் மாற்றித் தினமும் சோப்பால் கழுவுங்கள். இறுக்கமான ஜீன்ஸ், லெக்கின்ஸ் வேண்டாம். பருத்தி உள்ளாடையை வியர்த்தால் உடனே மாற்றுங்கள். நோயுள்ளவரின் உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பைத் தனியே 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உட்புறம் வெளியே தெரிய வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் காயாத துணியை இஸ்திரி போட்டு உடுத்துங்கள். இடுப்புப்பட்டி, தையல் இடங்களில் சூடு நன்றாகப் பட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று கூச்சத்தை ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்து, மற்றவர் மறைத்தால் மூன்றாம் வாரம் அவர் துண்டிலிருந்தே திரும்ப வரும்.

ஏற்கெனவே கலவை டியூபைப் பல வாரம் தடவிக்கொண்டிருப்பவர் இதைப் படித்தால் இன்றே நிறுத்தலாம். பழைய டியூபைக் குப்பையில் போட்டுவிட்டு, நிறுத்துகிற வாரத்திலேயே தோல் மருத்துவரைப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் சிவப்பும் அரிப்பும் முன்பைவிடக் கூடும். ஸ்டீராய்டு மூடி வைத்திருந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். அந்த நாட்களுக்கு அரிப்பு மாத்திரையும் ஈர ஒத்தடமும் துணை.